ஓட்டு நாளன்று சமயபுரம்

எழுபதாம் வருஷப் பஞ்சாயத்துத் தேர்தலில் என் பெண்டாட்டி வள்ளிக்கண்ணு எங்கள் வார்டுக்கு நின்றாள். நான் தச்சு ஆசாரி. அவள் நின்ற நாளிலிருந்து ஊர் எனக்கு வேறு உத்தியோகம் கொடுத்துவிட்டது. "வாங்க வேட்பாளர் புருஷரே" என்பார்கள். சம்பளம் இல்லாத வேலை. மரியாதையும் அவ்வளவாகக் கிடையாது.

அவள் நின்றதற்குக் காரணம் ஊருணி. எதிரே நின்ற உடையப்பன் அம்பலம், ஊருணிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை மறித்து நெல் மில் கட்டியிருந்தார். மழை பெய்தால் தண்ணீர் மில் வாசலைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே அவர் வயலுக்குப் போனது. ஊர்ப் பெண்கள் கண்டனூர் வரைக்கும் குடம் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மனு கொடுத்துப் பார்த்தார்கள். மனுவை வாங்கி வைக்கிற மெம்பரும் உடையப்பன்தான். அந்த நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தால் ஒழிய நடக்காது என்று வள்ளிக்கண்ணு முடிவு செய்தாள். எதையும் என்னைக் கேட்டுச் செய்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால் இதையும் கேட்கவில்லை.

குடம் தூக்குகிற அத்தனை பேரும் அவள் பக்கம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் ஜெயித்துவிடுவாள் போலத்தான் இருந்தது. உடையப்பனுக்கும் விரல் இருக்கிறதல்லவா.

ஓட்டுக்கு முந்தின நாள் அவருடைய கணக்கப்பிள்ளை சேவுகன் வீடு வீடாக வந்தான். அம்பலத்துக்குச் சமயபுரத்தாளிடம் ஒரு வேண்டுதலாம். ஊர்ப் பெண்களைக் கூட்டிப்போய்க் கும்பிட வைக்க வேண்டுமாம். பஸ், சாப்பாடு, அர்ச்சனைத் தட்டு எல்லாம் இனாம். விடியுமுன் கிளம்பினால் மத்தியானம் மூணு மணிக்கு ஊர் வந்துவிடலாம், ஓட்டு அஞ்சு மணி வரைக்கும் இருக்கிறதே என்றான்.

"போக வேணாம்னு சொல்லிரு" என்றேன்.

"சொன்னா, ஆத்தாளையே தடுக்கிறா பாருன்னு பேராயிரும்" என்றாள் வள்ளிக்கண்ணு. "நீங்களும் கூடப் போங்க. மூணு மணிக்குக் கொண்டாந்து சேத்துருங்க. இது ஒண்ணையாவது..."

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மிச்சம் எனக்கு மனப்பாடம்.

முப்பத்தேழு பெண்கள், சேவுகன், டிரைவர், கடைசி சீட்டில் நான். சின்னத்தாயி ஜன்னல் ஓரத்தை யாருக்கும் விடவில்லை. தாலி ஏறின பிறகு தண்ணிக்கும் விறகுக்கும் தவிர எங்கேயும் கிளம்பினதில்லை என்றாள். எல்லோரும் அப்படித்தான். பஸ் முழுக்கக் குலவையும் சிரிப்பும். வீட்டில் சமைக்கிறது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

சமயபுரத்தில் தரிசனம், சாப்பாடு எல்லாம் நல்லபடி முடிந்தது. உச்சிப் பொழுதில் நான் எழுந்து, "கிளம்புவோம்" என்றேன்.

சேவுகன் வெகு பணிவாக வந்தான். "ஆசாரியாரே, இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஸ்ரீரங்கத்துப் பெருமாளைப் பாக்காமப் போறதா? போற வழிதானே. வேணாம்னா நீங்களே இவுகள்ட்டச் சொல்லிருங்க."

முப்பத்தேழு முகமும் என் பக்கம் திரும்பின. உடையப்பனை எதிர்க்க என் பெண்டாட்டி இருக்கிறாள். பெருமாளை எதிர்க்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

பெருமாளுக்குப் பிறகு காவிரி. அன்றைக்கென்று கரை தொட்டு ஓடியது. பெண்கள் கரையிலேயே நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். பிறகு சேலையோடு இறங்கினார்கள்.

"இம்புட்டுத் தண்ணியும் எங்குட்டுப் போகுது ஆசாரியாரே?" என்று கேட்டாள் ஒச்சம்மாள். தெருவில் வள்ளிக்கண்ணுவுக்கு வலது கை அவள். கோயிலில் மொட்டை போட்டிருந்தாள்.

"கடலுக்கு."

"சும்மாவா?"

"சும்மாதான். ஒச்சம்மா, மணி மூணாச்சு. ஓட்டு..."

"இருங்க, இன்னொரு முங்கு. ஒருத்தி ஓட்டுல என்ன ஆயிரப் போகுது? மத்தவளுக போடுவாளுகல்ல."

மத்தவள்கள் எல்லோரும் அவளைச் சுற்றித்தான் முங்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மொட்டையைத் தடவிக்கொண்டு, "அக்கா ஜெயிக்கணும்னுதான் ஆத்தாளுக்கு முடி குடுத்தேன்" என்றாள். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது திருமயத்தில் டீக்கு நிறுத்தினார்கள். அந்த டிரைவர் குடித்த நிதானத்தில் வேறு யாரும் டீ குடித்து நான் பார்த்ததில்லை. ஊருக்குள் பஸ் நுழைந்தபோது ஆறு தாண்டிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் வள்ளிக்கண்ணு தனியாக நின்றாள். உள்ளே பெட்டிக்கு அரக்கு வைத்து முடித்திருந்தார்கள்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி அவள் கையில் குங்குமப் பொட்டலத்தைத் திணித்தார்கள். "உனக்காகத்தான் கும்பிட்டோம்" என்றார்கள். அவள் எல்லாவற்றையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்று ராத்திரியே எண்ணினார்கள். ஒன்பது ஓட்டில் போயிற்று. பஸ்ஸில் போன ஓட்டு, வேட்பாளர் புருஷனையும் சேர்த்து, முப்பத்தெட்டு.

மறுநாள் காலை ஒச்சம்மாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதாள். "முடியையும் வாங்கிக்கிட்டு ஆத்தா ஏங்க்கா இப்படிப் பண்ணிப்புட்டா?"

ஆத்தாளுக்கு எங்கள் வார்டில் ஓட்டுக் கிடையாது என்று எனக்கு வாய்வரை வந்தது. வள்ளிக்கண்ணு பார்த்த பார்வையில் உள்ளேயே போய்விட்டது.

"விடு" என்றாள் வள்ளிக்கண்ணு. சந்தனத்தைக் குழைத்து அந்த மொட்டைத் தலையில் மெதுவாகத் தடவினாள். "அஞ்சு வருஷத்துல ஓட்டு மறுபடி வரும். முடியும் வளந்துரும்."

ஒச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் தெளிந்துவிட்டது.

"வளரட்டும்க்கா. அன்னைக்கும் போயிக் குடுத்துட்டு வந்துருதேன்."

வள்ளிக்கண்ணுவின் கை தலைமேலேயே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் உளியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தேன். அது முந்தாநாளே தீட்டியாகிவிட்ட உளி.