இறங்கிக்கொண்டே போன கோடு

கோடு இறங்கிக்கொண்டே போனது. குணசேகரனுக்கு வாயெல்லாம் பல். "என்னம்மா சுரேகா, சறுக்குமரம் மாதிரி இறங்குது! இதத்தான் முதல் பக்கத்துல வைக்கணும். எந்த ஆஸ்பத்திரி நல்லதுன்னு ஜனங்க பார்க்கட்டும்" என்றார்.

ஆஸ்பத்திரிகளைப் பற்றி அரசு பொதுவில் வைத்திருக்கும் கணக்குகளை எடுத்து, யாருக்கும் புரிகிற படமாக்கி இணையத்தில் ஏற்றுவதுதான் அந்த அம்பத்தூர் அலுவலகத்தில் சுரேகாவின் வேலை. குணசேகரன் அவளுடைய மேலாளர். இந்தக் கோடு பூந்தமல்லிப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் சாவுக் கணக்கு. வருஷா வருஷம் குறைந்து, போன வருஷம் தரையைத் தொட்டிருந்தது. போன வருஷம் பங்குனியில் அவளைப் பெற்ற நைனா கிடந்ததும் அங்கேதான்.

"இனிமே எங்க கையில ஒண்ணுமில்லம்மா. உயிர் வீட்ல போகட்டும், கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்னபோது, பெற்ற பிள்ளைபோலப் பேசுகிறாரே என்று அவளும் தம்பி லோகேஷும் உருகிப்போனார்கள். லோகேஷ் அவர் காலிலேயே விழுந்தான். திருமழிசை வீடு வரைக்கும் தாங்கவில்லை. நசரத்பேட்டையில், ஆம்புலன்சிலேயே நைனா அடங்கிவிட்டார்.

அப்படியானால் இந்தப் படத்தில் நைனா எங்கே? சாவில் இல்லை. அவள் இன்னொரு கணக்கைத் தேடி எடுத்தாள்: உறவினர் விருப்பப்படி வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள். அதைச் சிவப்பில் போட்டாள். சாவு இறங்க இறங்க, இது ஏறிக்கொண்டே வந்தது. பாவிகள்! சாகிறவனை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, எங்களிடம் யாரும் சாவதில்லை என்று மார்தட்டுகிறார்கள். அதற்குக் கும்பிடு வேறு போட்டோமே!

"அந்தச் சிவப்பு வேணாம்மா" என்றார் குணசேகரன். "அவங்கவங்க விரும்பித்தானே கூட்டிட்டுப் போறாங்க? ஜனங்க குழம்பிடுவாங்க. எடுத்துடு."

"குழம்பட்டும் சார். நல்லா குழம்பட்டும்."

போன் அடித்தது. லோகேஷ். "அக்கா, நைனா தெவசத்துக்கு டாக்டராண்ட ஒரு வார்த்த சொல்லிக்கலாம்னு ஆஸ்பத்திரிக்கு வந்துகீறேன். அவரு மட்டும் அனுப்பலன்னா நைனா அந்த ஐசியூலயே அனாதையாட்டம் போயிருக்கும்ல?"

"டேய், வெளிய வாடா!" அவள் போட்ட கத்தலில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. "அந்தாள கும்புடாத!"

"இன்னாக்கா ஆச்சு? இரு இரு, அவரே வர்றாரு."

குணசேகரன் மவுஸுக்காகக் கையை நீட்டினார். சுரேகா அதன்மேலிருந்து தன் கையை எடுக்கவில்லை. திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றன. போனில், "வணக்கம் சார்" என்று லோகேஷின் குரல் குழைந்தது.