யூனிட் குறைந்த மாதம்

மூக்கில் மாட்டும் குழாயைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, மெஷின்காரர் ஆக்சிஜன் மெஷினைத் திருப்பி அதன் சின்னத் திரையைப் பார்த்தார். அப்பாவைக் காலையில்தான் எடுத்திருந்தார்கள். வாடகை மெஷின், அடுத்த நோயாளி காத்திருக்கிறாராம்.

“பெரியவர் நடுவுல ஆஸ்பத்திரில இருந்தாரா?”

“இல்லையே, இங்கதான் இருந்தார்” என்றாள் மகள்.

“எவ்வளவு நேரம் ஓடிச்சுன்னு இதுலயே காட்டும். நாள் முழுக்க ஓடவேண்டியது. கொஞ்ச நாளா பாதிகூட ஓடலையே, அதான் கேட்டேன்.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். கட்டில் ஓரத்தில் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

இந்த மாடி அறைக்குத் தனி மீட்டர் வைத்தது கீழே குடியிருக்கும் அண்ணன். மெஷின் கரண்டை இழுக்கும், அந்தச் செலவு மகளுடையது என்று பேச்சு. “அவங்க வீட்டு ஏசிக்கும் சேர்த்து நாமளே கட்டணுமா?” என்று அவள் வீட்டுக்காரர் சிரித்தபடி கேட்டதை, அவள் அப்படியே போனில் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அந்த வாரமே மீட்டர் வந்துவிட்டது. மாதா மாதம் அதைப் படம் எடுத்து அனுப்புவான். ஒரு வார்த்தை கூட இருக்காது. போன மாதம் யூனிட் சரசரவென்று இறங்கியிருந்தது. “அப்பாவுக்குத் தேவலை போல” என்று வீட்டுக்காரரிடம் காட்டினாள். அன்று சாயங்காலம் இருவரும் வெளியே போய்ச் சாப்பிட்டார்கள்.

“யாரும்மா மெஷினை நிறுத்துனது?”

“அவரேதான். நீ போன் பண்ணும்போது மட்டும் போட்டுக்குவாரு. சத்தம் கேக்கலைன்னா ஏன்னு கேப்பியாம்.”

“நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“யார்கிட்ட சொல்றது? அவன்கிட்டயா, உன்கிட்டயா?” அம்மா ஒரு சட்டையை உதறினாள். “‘குட்டிக்கு அவ வீட்டுக்காரர்கிட்ட பேச்சு வரும், மெஷினைப் போடாதே’ன்னு என் கையப் புடிச்சுக்குவாரு. அந்த மீட்டர்ல சிவப்பா லைட் மின்னுதுல்ல, படுத்துக்கிட்டு அதையேதான் பாப்பாரு. வேகமா மின்ன ஆரம்பிச்சா இவருக்குப் படபடப்பு வந்துடும்.”

மெஷினைத் தூக்க வந்த அண்ணன் வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

“என்னை எதுக்குப் பாக்குற?” என்றான். “கணக்கு கேட்டது உங்க வீடு.”

“கட்டிலுக்கு நேரா மாட்டச் சொன்னது யாரு?”

“வயர் அங்கதான் வந்துச்சு.”

மெஷின்காரர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்; மூடியதையே திறந்து மறுபடி மூடினார். “நான் கிளம்பறேங்க” என்றார். அண்ணன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். படியில் மெஷின் இடித்து இடித்து இறங்கும் சத்தம் கேட்டது.

அம்மா சட்டைகளை விட்டுவிட்டு எழுந்தாள். டியூப் லைட்டைப் போட்டாள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். பாத்ரூம் விளக்கு, அலமாரிக்கு மேலே யாரும் போடாத சின்ன பல்பு, எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் மேலே ஏறி வந்தான். பழக்கத்தில் அவன் கை சுவிட்ச் வரைக்கும் போயிற்று. அம்மா அவனைப் பார்த்தாள்.

அந்தக் கையாலேயே கதவை மெல்லச் சாத்திவிட்டு அவன் கீழே போனான்.