ஒரே நாளில் வளர்ந்த தாடி

சலூன்காரருக்குக் காது பாதிக்கு மேல் போய் இரண்டு வருடம் ஆகிறது. அது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த சங்கதி. கடையில் யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டி வைப்பார். அந்தத் தலையாட்டல்தான் வினையாய் முடிந்தது. வேலைக்கு நேர்முகத் தேர்வு இருந்த ஒருவர், "ஓரம் வெட்டுங்க" என்றார். இவர் காதில் விழுந்தது, "ஒட்ட வெட்டுங்க." கண்ணாடியைப் பார்த்த மனிதர் போட்ட கூச்சல் மட்டும் இவருக்கு நன்றாகவே கேட்டது.

அன்றோடு கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மூன்று மாதம். பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் மச்சினன் தினமும் வந்து, முகத்துக்கு நேரே நின்று கெஞ்சினான்.

"காது கேக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன அத்தான், தலையா போயிடும்?"

"போகும்டா. செவிடன் கையில கத்தியக் குடுத்துட்டு எவன் கழுத்த நீட்டுவான்?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினன் அவரை நூலக அரங்குக்கு இழுத்துப் போனான். பின்னாளில் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஓர் இயக்குநர், இருபத்திரண்டு வயதில் எடுத்த ஊமைப்படம். காதுக்கு வேலையே இல்லை.

விளக்கு அணைந்தது. திரையில் வாய்கள் அசைந்தன. பேசியதை எழுத்தில் காட்டினார்கள். அரங்கில் இருந்த அத்தனை பேரும் இன்று தன் கட்சி என்று சலூன்காரருக்கு ஒரே சந்தோஷம். கதாநாயகன் மாலுமி. கடலிலிருந்து புதர்த் தாடியோடு வீடு திரும்பி, மகள் பயப்படுவாளே என்று கண்ணாடி முன் நின்று மழிக்கிறான். கத்தி பிடித்த பிடி சரியாகவே இருந்தது. மகள் அவன் கன்னத்தைத் தடவியபோது இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து 'மறுநாள் காலை' என்று எழுத்து வந்தது. மாலுமி கப்பலில் நின்றான். அதே புதர்த் தாடி!

முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர், "காலக்கணக்கையே டைரக்டர் தூக்கி எறியறார் பாருங்க, என்ன துணிச்சல்!" என்று மெச்சியதை மச்சினன் பிறகுதான் சொன்னான். சலூன்காரர் மச்சினன் பக்கம் சாய்ந்து மெல்லத்தான் பேசினார். அப்படித்தான் அவர் நினைத்தார்.

"நேத்து மழிச்ச தாடிடா! இவ்வளவு வளர மூணு மாசம் ஆகும். படத்த மாத்திப் போட்டுட்டானுங்க!"

அரங்கமே திரும்பியது. சிலர் "உஸ்" என்றார்கள். ஆனால் படம் நின்றது, விளக்கு எரிந்தது. படம் ஓட்டுபவர் இரண்டு படச்சுருள் டப்பாக்களைத் தூக்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். மூன்றாம் சுருளின் மூடி நான்காவதில் இருந்தது. கைதட்டலும் சிரிப்பும் கிளம்பின.

பேராசிரியர் எழுந்து, அங்கிருந்தபடியே இவரிடம் ஏதோ கேட்டார். அடர்ந்த மீசைக்குள் உதடே தெரியவில்லை. இருநூறு முகங்கள் இவரைப் பார்த்தன. பழக்கதோஷத்தில் கழுத்து ஆடத் தொடங்கியது. மச்சினன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

கழுத்து நின்றது.

"எனக்குக் காது கேக்காதுங்க," என்றார் சலூன்காரர். யாரும் சிரிக்கவில்லை. "உங்க மீசை வேற வாய மறைக்குது. பக்கத்துல வந்து சொல்லுங்க."

இப்போது சிரித்தார்கள், பேராசிரியரும் சிரித்தார். அருகில் வந்து, மீசையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "தாடிக் கணக்கு சொன்னதுலயே சலூன்காரர்னு தெரிஞ்சுது. உங்க கடை எங்கன்னு கேட்டேன்."

மச்சினன் பதில் சொல்ல வாயெடுத்தான். சலூன்காரர் அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டி அடக்கினார்.

"தபாலாபீசுக்கு எதிர்ல. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாங்க. நான் இருப்பேன்."