பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்

அவள் பல்கலைக்கழகத்தில் பல வருடம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவள். மத்திய வங்கிக்குத் துணை ஆளுநராக வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அங்கே முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ‘டீச்சர்’ என்று பெயர்.

அன்று காலை, பூட்டிய அறையில் முடிவாகியிருந்தது: வெள்ளிக்கிழமை சந்தை மூடியதும் நாணயத்தின் மதிப்பைப் பத்து சதவீதம் குறைப்பது. அதுவரை யாரும் மூச்சுவிடக் கூடாது. முன்கூட்டித் தெரிந்தால் எல்லோரும் டாலர் வாங்க ஓடுவார்கள். கையிருப்பு காலியாகும். மருந்தும் எண்ணெயும் இறக்குமதி செய்ய வழியிருக்காது.

மதியம் பத்திரிகையாளர் சந்திப்பு. ஆளுநருக்குப் பக்கத்தில் அவள். வட்டி விகிதத்தைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும். கடைசி வரிசையிலிருந்து ஒரு நிருபர் எழுந்தான்.

“மேடம், நாணயம் விழுந்தா சாதாரண ஜனத்துக்கு என்ன ஆகும்?”

நல்ல கேள்வி. வகுப்பில் இப்படிக் கேட்க ஒருவன் கிடைத்தால் அவளுக்குக் கொண்டாட்டம். வாய் தானாகத் திறந்தது.

“இப்ப ஒரு பத்து சதவீதம் விழுதுன்னு வெச்சுக்குவோம்...”

வகுப்பில் அது வெறும் உதாரணம். இங்கே முன்னால் மைக் இருந்தது. தலைகள் எல்லாம் ஒன்றாகப் போன்களின் மேல் குனிந்தன. சுவர்த் திரையில் டாலரின் விலை ஏறத் தொடங்கியது. ஆளுநர் சிரித்த முகத்தை மாற்றாமல் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

“ஏன் மேடம் பத்து? அஞ்சு சொல்லலாம், இருபது சொல்லலாம்.”

“பத்தால பெருக்கறது சுலபம்ப்பா. கணக்குல நீ எப்படி?”

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

“நேராவே கேக்கறேன். மதிப்பைக் குறைக்கப் போறீங்களா, இல்லையா?”

பதில் சொல்ல மறுத்தால் ஆமாம் என்றுதான் சந்தை எடுத்துக்கொள்ளும். அவளே அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவள். திரையில் எண் மறுபடி ஏறியது.

“இல்லை. அப்படி ஒரு பேச்சே கிடையாது.”

குரல் நடுங்கவில்லை. அவளுக்கே அது பிடிக்கவில்லை. எண் தயங்கியது, பிறகு இறங்கியது.

லிஃப்டில் ஆளுநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “உயிர் போயிட்டு வந்துச்சு டீச்சரம்மா. ஆனா, இன்னிக்குத்தான் நீங்க நம்ம ஆளு.”

அறைக்குள் நுழையும்போதே போன் அடித்தது. அண்ணன். வெளிநாட்டிலிருந்து தையல் மெஷின்கள் வரவழைத்து விற்கிறவன். அவள் ஆராய்ச்சிப் பட்டம் முடிக்கும்வரை அவளுக்கும் சேர்த்து வாடகை கட்டியவன்.

“டிவி பார்த்தேன். மெஷின் கம்பெனிக்கு அடுத்த வாரம் டாலர் அனுப்பணும். இன்னிக்கே வாங்கிரலாம்னு கிளம்பினேன், அதுக்குள்ள நீ இல்லைன்னுட்டே. அப்ப திங்கக்கிழமை வாங்கிக்கலாம்ல?”

அவள் கதவைச் சாத்தினாள்.

“டிவியில சொன்னதுதாண்ணா.”

“டிவியை எவன் கேட்டான்? உன்னைக் கேக்கறேன்.”

“திங்கக்கிழமையே வாங்கிக்கோ.”

“அவ்ளோதான். நீ சொன்னா சரி.”

போனை வைப்பதற்கு முன்பே உற்சாகமாகக் கடைக்குள் யாரிடமோ கத்தினான்.

“பேங்குக்குப் போக வேணாம்யா, வண்டியை ஓரங்கட்டு!”