பினாங்கு எலியின் குடல்

டாக்டர் ஆனந்தராஜா லண்டனிலிருந்து ஒரு பட்டமும் ஒரு கவலையும் கொண்டுவந்திருந்தார். தவிட்டிலும் பருப்பிலும் இருக்கிற ஃபைட்டேட் என்ற பொருள், சாப்பாட்டிலுள்ள துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. துத்தநாகம் குறைந்தால் குடலில் சுரக்கும் நொதிகள் படுத்துவிடும், பிள்ளைகள் வளராது. இதை எலிகளை வைத்து நிரூபிக்கத்தான் 1984இல் என்னைத் தன் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். மூன்று வருஷம் எலிப் புழுக்கையோடு குடித்தனம் நடத்தினேன். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு முதுகலைப் பட்டம்.

கடைசிச் சோதனையில் முதல் மூன்று வாரம் எல்லாம் சொன்னபடி நடந்தது. ஃபைட்டேட் தின்ற எலிகளுக்கு எடை ஏறவில்லை, முடி கொட்டியது. டாக்டருக்கு ஒரே குஷி. நாலாவது வாரம் பார்த்தால் முடி முளைக்கிறது. அறுத்துப் பார்த்தால், குடல் நொதி நல்ல தீனி தின்ற எலிகளுக்கு இருந்த அளவே இருக்கிறது.

வேறு ஆளாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். டாக்டர் ஒரே நாளில் கட்சி மாறினார்.

“யோகா, இது என்ன லண்டன் எலியா? நம்ம பினாங்கு எலிலா. ஃபைட்டேட்டுக்குப் பழகிப்போன குடல்,” என்றார்.

அந்த எலிகள் ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் வந்தவை. நான் ஞாபகப்படுத்தவில்லை. நம் ஊர்க் குடலை ஃபைட்டேட் ஒன்றும் செய்யாது என்று கோலாலம்பூர் மாநாட்டுக்குக் கட்டுரையும் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை எலி அறைக்குப் போனேன். கூண்டு கழுவும் ருக்குமணி அக்கா, துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஊறவைத்த தண்ணீரை, அடுத்த ஆய்வுக்கு வந்திருந்த புது எலிகளின் புட்டிகளில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா இது?”

“கண்ணேறுக்குலா, யோகா. போன தடவ முடி கொட்டுச்சே, இதக் குடுத்துத்தான் நின்னுச்சு. டாக்டரு தெனம் தூக்கித் தூக்கி எடை பாக்குறாரு. அவரு கண்ணுதான்.”

ஒரு புட்டித் தண்ணீரைச் சோதித்தேன். புளிப்புக்கு வாளிப் பூச்சு கரைந்து துத்தநாகம் தாராளமாக இறங்கியிருந்தது. ஆக, குடல் ஒன்றும் பழகவில்லை. ஃபைட்டேட் சேரவிடாத துத்தநாகத்தை அக்கா புட்டியில் ஊட்டிவிட்டிருக்கிறார்.

என் ஆய்வேட்டில் வாளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் இரண்டு தடவை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“யோகா, மாஸ்டர்ஸ் வேணுமா, வாளி வேணுமா?”

எனக்கு மாஸ்டர்ஸ்தான் வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தை நானே கிழித்தேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பட்டம் வாங்கிய இரண்டாம் மாதம், தீவுக்கு அக்கரையில், பெருநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் டாக்டர் பேசினார். படம் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் நான். தோட்ட நிர்வாகம் அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு, பிள்ளைக் காப்பகத்தில் துத்தநாகத்துக்காகக் கொடுத்துவந்த நெத்திலிக் கருவாட்டை அந்த மாதத்திலிருந்து நிறுத்தியிருந்தது. பருப்பும் கோதுமையும் போதுமாம்.

நல்லம்மாள் என்ற பால்மரத் தொழிலாளி, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“டாக்டர், இதுக்கு அஞ்சு வயசு. வளரவே மாட்டேங்குது. முடியும் கொட்டுது.”

“பயப்படாதம்மா. நம்ம குடல் எல்லாத்தையும் தாங்கும். யோகாதான் கண்டுபிடிச்சது, கேட்டுப்பாரு.”

அவள் என்னைப் பார்த்தாள். “நெசமாவா தங்கச்சி?”

நான் அடுத்த படத்தைப் போட்டேன்.