நீலச் சுவரில் மீன் வால்

போன மே மாதம் எங்கள் தொழிற்சாலை பிறந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அந்நிய முதலீடு வந்துவிட்டது, முந்நூறு பேருக்குப் புதிதாக வேலை, எங்கள் ஊர் மொக்னினுக்கே விடிந்துவிட்டது என்றார்கள். அந்த முந்நூறு பேரில் நானும் ஒருத்தி. அன்றைக்குப் பிறந்த அந்தத் தொழிற்சாலையில் நான் பத்து வருஷமாகச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன்.

கதை இதுதான். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து பணம் கொண்டுவந்து, தைத்ததையெல்லாம் கப்பலில் திருப்பி அனுப்புகிற கம்பெனிக்குப் பத்து வருஷம் வரி கிடையாது. இடம் அரசாங்கத்துடையது, தண்ணீர் எங்கள் ஊருடையது, கை எங்களுடையது. துணி வரும், நூல் வரும், பொத்தான் வரும், எல்லாம் சட்டையாகிக் கப்பலேறும். அந்தச் சட்டையை வாங்க எங்கள் ஊரில் ஒரு கடை கிடையாது. அங்கே யாரோ உடுத்திச் சலித்துத் தூக்கிப்போட்ட பிறகு, பழந்துணி விற்கிற ஃபிரிப் சந்தைக்கு மூட்டை மூட்டையாகத் திரும்பி வரும். அந்தக் குவியலைக் கிளறித்தான் நான் மடித்த காலரை நானே வாங்க முடியும்.

பத்து வருஷம் முடிந்தால் வரி கட்ட வேண்டுமே. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய கம்பெனியைக் காகிதத்தில் சாகவிட்டுவிட்டு, இன்னொரு பெயரில் பெற்றெடுப்பது. சுவர் அதே, இயந்திரம் அதே, கக்கூஸ் கதவில் தாழ்ப்பாள் இல்லாததும் அதே. நாங்கள் மட்டும் புதுசு.

ஈதுப் பெருநாள் விடுமுறையை இந்தத் தடவை தாராளமாக நீட்டித் தந்தார்கள். திரும்பி வந்தால், மஞ்சளாக இருந்த கட்டிடம் முழுக்க நீலம். வாசலில் 'ஜாஸ்மினா' என்று புதுப் பலகை. அதற்கு மேலே, வளைவின் நடுவில், ஒரு தேசியக்கொடி தொங்கியது.

"கொடி எதுக்கு அங்க?" என்று வாயிற்காவலர் லாரூசி சித்தப்பாவைக் கேட்டேன். வர்ணம் அடித்ததும் அவர்தான். சட்டையெல்லாம் நீலத் துளி.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "கீழ வால் இருக்குடி மொன்ஜியா."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் வீடோ கடையோ திறந்தால் கண்ணேறு படாமலிருக்க வாசலில் மீன் வால் அடிப்போம். இந்தத் தொழிற்சாலை முதலில் திறந்த அன்று ஒரு பெரிய களவா மீனின் வாலை அந்த வளைவில் ஆணி வைத்து அடித்ததும் லாரூசி சித்தப்பாதான். அவர் நின்ற முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். வால் காய்ந்து, சுருங்கி, கொம்பு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் விழவில்லை.

"லொத்ஃபி பிடுங்கச் சொன்னான்," என்றார். "மாட்டின வாலை மனுஷக் கை எடுக்கலாமா? தானா விழுந்தா விழட்டும். நீயே எடுடான்னேன். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு சித்தப்பான்னு ஓடிட்டான். சுத்தி வர்ணம் அடிச்சேன். அவன் கொடியைக் கொண்டாந்து மூடிட்டான்."

லொத்ஃபி எங்கள் மேஸ்திரி. எங்கள் தெருக்காரன்தான், ஆனால் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் அவனுக்கு எங்கள் பெயரெல்லாம் மறந்துவிடும். அன்று ஆளுக்கொரு காகிதம் கொடுத்தான். "மத்தியானத்துக்குள்ள கையெழுத்து. பெரியவங்க வராங்க, ரிப்பன் வெட்டுறாங்க. யாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

தையல் வரிசையிலிருந்து ரெபா வந்து தன் காகிதத்தை என் முன்னால் நீட்டினாள். "படிச்சுச் சொல்லுடி. நீதான சாயங்கால கிளாஸுக்குப் போய்ப் பெரிய படிப்பாளி ஆயிட்ட."

விரலை வைத்து மெதுவாகப் படித்தேன். ஒரு சொல்லில் விரல் நின்றுவிட்டது. மறுபடி படித்தேன். அதே சொல்தான்.

"பயிற்சியாள்னு போட்டிருக்கு," என்றேன்.

"யாரு?"

"நீ. நானுந்தான்."

ரெபா தன் காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பிறகு, "அப்ப நானும் என் புருஷனுக்கு ஒரு காகிதம் நீட்டிடறேன்," என்றாள். "வீட்டுப் பேரை மாத்தியாச்சு, பொண்டாட்டி பயிற்சியிலதான் இருக்கா, சோறு தீஞ்சா கேக்கக் கூடாதுன்னு."

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வலது தோள் போய் இரண்டு வருஷமாகிறது. நீராவிப் பெட்டியை இழுத்து இழுத்துப் போனது. நிரந்தர வேலை என்பதால் வைத்தியர் சீட்டைக் காட்டி இலேசான மேசையில் நிற்க முடிந்தது. பயிற்சியாளுக்குத் தோள் வலித்தால் வாசலைக் காட்டுவார்கள். காரணம் சொல்லக்கூட வேண்டாம். கையெழுத்துப் போட்டால் பத்து வருஷமும் ஒரே கோட்டில் அழிந்துவிடும். போடாவிட்டால் அன்றே வெளியே. இந்த ஊரில் தோள் போன பொம்பளைக்கு வேறு எவன் வேலை தருவான்?

பழையதை விற்பது பாவமில்லை. ஃபிரிப் சந்தையில் எல்லாரும் பழசைத்தான் விற்கிறார்கள், ஆனால் பழசு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இவர்கள் எங்களையே வெளுத்து, மடித்து, புதுசு என்று அரசாங்கத்துக்கு விற்கிறார்கள். அரசாங்கமும் விலை தெரியாத மாதிரி வாங்கிக்கொள்கிறது.

மத்தியானம் தலைநகரிலிருந்து அரசாங்கப் பெரியவர் வந்தார். கூடவே கேமரா. கடலுக்கு அந்தப் பக்கத்து முதலாளி, நாங்கள் முசியே என்று கூப்பிடுகிறவர், வெள்ளைச் சட்டையில் நின்றார். எங்களுக்கெல்லாம் புது மேலங்கி மாட்டி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். லொத்ஃபி ஒரு தட்டில் புது மீன் வால் வைத்திருந்தான். ஊர் வழக்கத்தை மதிக்கிற முதலாளி என்று படம் பிடிக்க வேண்டுமாம்.

லாரூசி சித்தப்பா முக்காலியில் ஏறினார். ஆணியும் சுத்தியலும் கையில். எங்கே அடிப்பது என்று தேடுகிறவர் மாதிரி நிதானமாக நின்றார். பிறகு, "தேசியக்கொடில ஆணி அடிக்கக் கூடாதே," என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கொடியைக் கழற்றினார்.

நீலச் சுவரில் பழைய வால், ஓரமெல்லாம் வர்ணத் துளியோடு, முறைத்துக்கொண்டு நின்றது.

ரெபாதான் முதலில் குலவை போட்டாள். கல்யாண வீட்டுக் குலவை. முந்நூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். முசியே சந்தோஷமாகத் தலையாட்டினார், மரியாதை என்று நினைத்திருப்பார். தலைநகரத்துப் பெரியவருக்குப் புரிந்துவிட்டது. அவர் எங்கள் நாட்டு ஆள் அல்லவா. ஒரு நொடிதான் முகம் மாறியது, உடனே கையைத் தட்டினார்.

"ரெண்டு வால்! ரெட்டைப் பாக்கியம்!"

எதைக் காட்டினாலும் அதையே மாலையாகப் போட்டுக்கொள்கிற கழுத்து இவர்களுக்கு. அவர் வரிசையாக வந்தார். என் முன்னால் நின்று, "மப்ரூக், மகளே! புது வேலைக்கு மப்ரூக்!" என்றார்.

மப்ரூக் என்று ஒருத்தர் வாழ்த்தினால் பதில் வாழ்த்துச் சொல்லாமல் நிற்பது எங்களிடம் கிடையாது. எதிரிக்கும் சொல்லுவோம். கேமரா என் வாயையே பார்த்தது.

"எனக்குப் புதுசா எதுவும் கிடைக்கலீங்க," என்றேன். "அந்த மப்ரூக்கை மேல இருக்கிற வாலுக்குச் சொல்லுங்க. பத்து வருஷமா அதுவும் நானும் இங்கதான் இருக்கோம்."

கேமராக்காரன் கேமராவைத் தாழ்த்தினான்.

அவர்கள் போனதும் லொத்ஃபி காகிதத்தோடு பாய்ந்து வந்தான். "போடு கையெழுத்து! இன்னிக்கி என் மானத்த வாங்கிட்ட!"

"உனக்கு அது எப்ப இருந்துச்சு, நான் வாங்கறதுக்கு?" என்றேன்.

பேனாவை வாங்கினேன். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில், 'முதல் வால் மாட்டிய நாளிலிருந்து வேலை செய்கிறேன்' என்று எழுதினேன். என் எழுத்து பெரிசு, இடம் போதாமல் ஓரத்தில் ஏறியது. ரெபா தன் காகிதத்தை நீட்டி, "எனக்கும் அதையே எழுது," என்றாள். அப்புறம் இன்னொருத்தி. எல்லாரும் இல்லை. நிறையப் பேர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அடுப்பு எரிய வேண்டுமே.

எங்களை வெளியே அனுப்பினார்கள். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். மேசையிலிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: பழைய கம்பெனி மேல் புகார் கொடுக்க முடியாது, அது இப்போது இல்லை. புதுக் கம்பெனி மேலும் முடியாது, அதில் நீங்கள் கையெழுத்தே போடவில்லை. ஆக, பழையது செத்துவிட்டது, புதியதில் நான் பிறக்கவில்லை. நடுவில் இந்தத் தோள் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் வலித்துக்கொண்டிருக்கிறது.

"ரெண்டும் ஒரே தொழிற்சாலைதான்னு நேர்ல வந்து பாருங்க," என்றேன். "வாசல்லயே தெரியும்."

"என்ன தெரியும்?"

வால் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். ஆனால் சிரித்த பிறகு, நாளைக்கு வருகிறேன் என்றார்.

அது எப்படியோ முசியேயின் காதுக்குப் போய்விட்டது. சாயங்காலம் நாங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே லொத்ஃபி கடப்பாரையோடு வந்தான், பின்னாலேயே முசியே. அடிக்காமல் தட்டிலேயே கிடந்த புது வாலை ஏற்கெனவே பூனை இழுத்துக்கொண்டு போயிருந்தது. பழையதுதான் இருந்தது.

லொத்ஃபி முக்காலியில் ஏறினான். கடப்பாரையை ஓங்கினான். நாங்கள் கீழேயிருந்து ஒரே குரலில், கண்ணேறுக்குச் சொல்கிறதைச் சொன்னோம்: "ஹூத்தா அலிக்! மீன் உன்னைக் காக்கட்டும், லொத்ஃபி!"

அவன் கை இறங்கிவிட்டது. "என்னால ஆகாது முசியே," என்றான். "வீட்டுல கைக்குழந்தை இருக்கு."

முசியே அவனை இறக்கிவிட்டுத் தானே ஏறினார். அவருக்கு மீன் வெறும் மீன். கடப்பாரையை ஆணிக்கடியில் கொடுத்து ஒரே நெம்பு. வால் பிய்ந்து என் காலடியில் விழுந்தது. கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார், வேலை முடிந்தது என்று.

நாங்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் நிமிர்ந்தார்.

லாரூசி சித்தப்பா சுற்றித்தான் வர்ணம் அடித்திருந்தார். நீலச் சுவரின் நடுவில், வால் இருந்த இடத்தில், வால் வடிவத்திலேயே பழைய மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. தெரு முனையிலிருந்தே தெரியும்.

"பெயிண்ட்!" என்று கத்தினார் முசியே.

லாரூசி சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நீலம் தீர்ந்துபோச்சு முசியே," என்றார். "கடையும் சாத்திட்டான். காலைலதான் திறப்பான்."

நான் வாலை எடுத்துத் தலைத்துணி முனையில் துடைத்து ரெபாவிடம் கொடுத்துவிட்டு, அந்த மஞ்சளுக்கு நேர் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்தேன். அதிகாரி வந்து பார்க்கும் வரைக்கும் அந்தச் சுவர்ப் பக்கம் ஒரு தூரிகை வரட்டும் பார்க்கலாம்.