ஆலோசனை அறையில் இரட்டைக் கட்டில்

பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்கும் கம்பெனியில் அவர் சேல்ஸ் மேனேஜர். பெட்டியும் கையுமாக ஊர் சுற்றுவதே பிழைப்பு. இந்தமுறை, பழைய கட்டடம் ஒன்றை அழகுபடுத்தித் திறந்திருந்த ஹோட்டலில் ஆபீஸில் அவருக்கு ரூம் போட்டிருந்தார்கள். டாக்ஸி நின்ற இடத்தைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது கோர்ட்டுப்பா."

கோர்ட் ஊருக்கு வெளியே போய் ரொம்ப நாளாகிறது என்றார் டிரைவர். அவர் நம்பாமல் இறங்கினார். ஆறு வருஷத்துக்கு முன் இதே படிகளில்தான் அவரும் மனைவியும் விவாகரத்து வாங்கிக்கொண்டு இறங்கி, ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

சாட்சிக் கூண்டில் இப்போது பூச்சாடி. அவருக்குக் கொடுத்த அறையின் கதவில் 'குடும்ப நல ஆலோசனை' என்ற பித்தளைப் பலகையை அழகுக்காக அப்படியே விட்டிருந்தார்கள். சேர்ந்து வாழச் சொல்லி அவரையும் மனைவியையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசிய அறை. அங்கே இரட்டைக் கட்டில், இரண்டு தலையணை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அவள் அதே ஊரில் மருந்துக் கடை வைத்திருந்தாள். எதற்காக அவளுக்கு ஃபோன் போட்டார் என்று அவருக்கே விளங்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றாள்.

வந்தவள் கட்டிலைப் பார்க்காமல் நேரே ஜன்னலுக்குப் போனாள். அன்று பேச்சுவார்த்தை முழுக்க இதையே வெறித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

"என்னங்க..." என்று பழைய பழக்கத்தில் ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணும். நீங்க ஏன் பிரியணும்னு சொன்னீங்க?"

"நானா? நீதானே கேட்ட."

"நான் கேக்கல. வக்கீலப் பாத்தது நீங்க."

"நீ பாக்கச் சொன்னியேன்னு பாத்தேன்."

அப்படிச் சொன்ன ஞாபகமே தனக்கு இல்லை என்றாள். எங்கே, எப்போது, எந்தச் சண்டையில் என்று இருவரும் தோண்டிப் பார்த்தார்கள். அவளுடைய அண்ணன் வந்திருந்த அன்றைக்கு என்றார் அவர். அண்ணன் அந்த வருஷம் வரவே இல்லை என்றாள் அவள். எங்கே பிடித்து இழுத்தாலும் நூல் அறுந்தது. யாரும் கேட்காத ஒன்றை இருவரும் கொடுத்துவிட்டார்களோ?

"அப்ப இத்தனை நாளா யார்மேல கோபமா இருந்தேன்?" என்றாள், அவரிடம் கேட்பதுபோலவும் இல்லாமல்.

மன்னிப்புக் கேட்கலாமென்றால் எதற்கென்று கேட்பது? கீழே டீ குடித்தார்கள். அங்கும் அதே பேச்சு, அதே முட்டுச்சந்து. பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார். ஏறும்போது, ஊருக்கு எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டாள். நாளை மறுநாள் என்றார்.

"நாளைக்குக் கடை லீவுதான்," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

வரச் சொல்கிறாளா, வருகிறேன் என்கிறாளா, சும்மா சொன்னாளா? கேட்டிருக்கலாம். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அவர் அங்கேயே நின்று, மறுநாள் பார்க்கவேண்டிய டாக்டர்களில் யாரைத் தள்ளிப்போடலாம் என்று யோசித்தார்.